டிப்ரன்சலில் மோர் வந்த நாள்

1

என் அக்கா வீட்டுக்காரர் தன் பங்காளியை அரிவாளால் வெட்டினார். காரணம் நிலமில்லை, பெண்ணில்லை, தேர்தலுமில்லை. வாங்கிப் புதுவாசனைகூடப் போகாத பிக்கப் வண்டியின் பின்னச்சில் இருந்து வந்த ஒரு சத்தம். பெர்த் நகரத்தில் என்னோடு வேலை பார்க்கும் வெள்ளைக்காரர்களிடம் இதைச் சொன்னால், "ஏன், உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் கிடையாதா?" என்று கேட்கிறார்கள்.

இன்று காலை அதே சத்தம் என் வண்டியில் கேட்டது. என்னுடையதும் பிக்கப்தான், என்னுடையதும் புதுசுதான். கோயமுத்தூரில் பம்பு மாட்டக் கற்றுக்கொண்டு, இங்கே சுரங்கக்காரர்களின் பம்புகளைக் கழற்றி வயிறு வளர்க்கிறேன். மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல வேகத்தில் போகும்போது பின்னாலிருந்து "ங்ஙொய்ய்ய்ய்" என்று ஒரு ஊளை. கழுத்தில் கத்தி வைத்த ஆடு கத்துவது போல. வண்டியை ஓரங்கட்டிவிட்டேன்.

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ நாய்ஸ்," என்றாள் மகள்.

"கண்ணு, ஜஸ்ட் எ நாய்ஸ்தான் உங்க நாச்சிமுத்து மாமா கையை ரெண்டா பொளந்துச்சு."

"ஓகே," என்று சொல்லிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். ரத்தக்களரியைக்கூட ஓகே என்று கேட்டுக்கொள்ளும் பிள்ளையை வளர்த்திருக்கிறேன். என் சாமர்த்தியம்.

2

மாமன் பேர் வேலுச்சாமி. தாராபுரத்துக்குப் பக்கம், அமராவதி வாய்க்கால் பாசனம், கொஞ்சம் தென்னை, மீதி சின்ன வெங்காயம். அடுத்த வயல்காடு நாச்சிமுத்துவுடையது. மாமனின் சித்தப்பா மகன். எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். இரண்டு பேருக்கும் ஒரே கிணறு, முறை வைத்து மோட்டார் போட வேண்டும். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் முறை வைத்தால் என்ன நடக்கும்? ஒருத்தர் மடையை உடைத்தால் அடுத்தவர் மண்டையை உடைப்பார்.

இது புதுசில்லை, பரம்பரைச் சொத்து. மாமனின் அப்பா தன் தம்பியின் காது நுனியைக் கடித்துத் துப்பியவர். தம்பிக்காரர் கடைசிவரை அந்த மொட்டைக் காதைத் தடவி, "எங்கண்ணன் கடிச்சதுங்க, பல்லுன்னா அப்பிடியொரு பல்லு" என்று விருந்தாளிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த மொட்டைக் காதுக்காரரின் மகன்தான் நாச்சிமுத்து.

மாமனும் அவரும் பேச்சு நிறுத்தி வருஷக்கணக்காகிவிட்டது. அதற்காகப் பேசாமல் இருந்துவிடவில்லை. எங்கள் பக்கம் பேச்சு நின்றால், மூன்றாவது ஆளை நடுவில் நிறுத்தி அவன் வழியாகப் பேசுவது வழக்கம். இருவரும் ரெண்டடி தூரத்தில் நிற்பார்கள். "மாப்ள, உங்க மாமங்கிட்டச் சொல்லுங்க, மோட்டார நிறுத்தச் சொல்லி." "மாப்ள, நிறுத்த முடியாதுன்னு அவங்கிட்டச் சொல்லுங்க." நான் வாயைத் திறக்கவே வேண்டாம். தந்திக் கம்பம் போல நின்றால் போதும். அப்படி ஆள் கிடைக்காத நாளில் எருமையைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் மாமன் அந்தப் பிக்கப்பை வாங்கினார். வெங்காயத்தைச் சந்தைக்கு அடுத்தவன் வண்டியில் அனுப்பக் கூடாது என்று வைராக்கியம். வண்டி வந்ததும் மலைமேல் இருக்கும் கருப்பணசாமி கோயிலுக்கு ஓட்டிப்போய்க் கெடா வெட்டினார். கெடாவின் மேல் மஞ்சத்தண்ணி தெளித்தால் அது உடம்பைச் சிலிர்க்க வேண்டும். சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு. இந்தக் கெடா சிலிர்க்கவில்லை. தெளித்துத் தெளித்துப் பார்த்தார்கள், அது மாமனையே முறைத்துக்கொண்டு நின்றது. மாமனுக்குப் பொறுமை கிடையாது. கெடாவின் இரண்டு காதையும் பிடித்து அவரே உலுக்கி, "பாருங்க, சிலுத்துப்போட்டுது, வெட்டுங்க!" என்றார். ஒரே வெட்டு. ரத்தம் நாலு சக்கரத்திலும் தெறித்தது.

திரும்பும் வழியில், மலைப்பாதையில் ஓடிக் கொதித்துப்போயிருந்த வண்டியை அப்படியே நேராக வாய்க்காலில் இறக்கினார். அச்சு முழுகுகிற தண்ணீர். அதில் வண்டியை நிறுத்தி, வந்த சனமெல்லாம் குளித்து, குடலைக் கழுவி, வண்டிக்கும் மாட்டைக் கழுவுகிற மாதிரி வைக்கோல் போட்டுத் தேய்த்துவிட்டு வீடு வந்தார்கள்.

அதற்குப் பின்தான் சத்தம் ஆரம்பித்தது. கெடா செத்த பின்னும் கத்துகிறது என்றது ஊர். மாமன் ஒப்பவில்லை. "சாமிக்கும் எனக்கும் என்ன பகை? பகையாளி வேலிக்கு அக்கட்டக் காட்டுல எரும மேய்க்கறான்."

3

இங்கே வண்டியில் சத்தம் வந்தால் முதலில் சர்வீஸ் சென்டரில் ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டும். கவுன்ட்டரில் இருந்த பெண் பிள்ளை சிரித்தமுகமாக, "என்ன மாதிரி சத்தம்?" என்று கேட்டாள். அவளுடைய பாரத்தில் நாலு வகைச் சத்தம்தான் அச்சடித்திருந்தது. நான் வளர்ந்த ஊரில் இரும்பு இரும்பைத் தொடும் ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு வார்த்தை உண்டு. கடகட, கொடகொட, கிறீச், நறநற, லொடக்கு, மொடக்கு. இவளிடம் எதைச் சொல்வது? வாயைத் திறந்து சத்தத்தையே போட்டுக் காட்டினேன். "ங்ஙொய்ய்ய்ய்!" காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒரு குழந்தை அழுதது. அந்தப் பெண் 'இதர வகை' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

பிறகு மெக்கானிக் ஏறி, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தோம். வண்டி சாமியார் மாதிரி மௌனம். "மறுபடி வந்தால் வாருங்கள்" என்றார்கள். நல்ல வேளையாக, வாசலைத் தாண்டுவதற்குள் கத்திவிட்டது. பின்சக்கர பேரிங் பழுது. காசில்லாமல் மாற்றி, மன்னிப்புக் கடிதமும் கொடுத்தார்கள்.

இந்த ஊரில் கோபம்கூடத் தபாலில்தான் வருகிறது. சனிக்கிழமை நான் கொட்டகையில் சுத்தியல் தட்டினால், பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் கையாட்டிச் சிரிப்பார். அடுத்த வாரம் முனிசிபாலிட்டியிடமிருந்து கடிதம் வரும், சத்தம் போடுகிறாய் என்று. நானும் சிரித்துக் கையாட்டிவிட்டுப் பதில் எழுதுவேன். ஒருவரையொருவர் எத்தனை வருஷம் வெறுக்கிறோம் என்று எங்களுக்கே தெரியாது. மாமனுக்கு இந்த வசதி இல்லை. அவர் கோபம் வந்த இடத்திலேயே டெலிவரி.

4

அந்த வருஷம் நான் லீவில் போனேன். பையை வைக்கவில்லை, தண்ணி குடிக்கவில்லை. மாமன் திண்டுக்கல் பூட்டு மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மாப்ள. நாச்சிமுத்து எம் வண்டிக்குள்ள எதையோ போட்டுப்போட்டான். என்னத்தப் போட்டான்னு மட்டும் நீங்க கண்டுபுடிச்சுச் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"மிச்சம்னா என்னங்க மாமா?"

மாமன் தென்னை மட்டை வெட்டுகிற அரிவாளைச் சாணைக்கல்லில் தீட்டினார். என் கூடப்பிறந்த சரசக்கா அடுப்படியிலிருந்து வந்து என் காதில், "தம்பி, அவரு ஒரு வாரமா தீட்டறாரு. நீ எதையாச்சும் ஒண்ணச் சொல்லி ஒரு உசுரக் காப்பாத்து," என்றாள். பம்பு மெக்கானிக் மேல் ஒரு மனுஷன் உயிரை ஏற்றினால் எப்படியிருக்கும்? தலையைச் சொறிந்துகொண்டு வண்டியில் ஏறினேன்.

வண்டியை ஓட்டிச் சத்தத்தை விசாரித்தேன். வேகம் ஏற ஏற ஊளையும் ஏறியது. ஓட்டத்திலேயே கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். எஞ்சின் அடங்கியது, ஊளை அடங்கவில்லை. ஆக, எஞ்சின் குற்றவாளியில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு குரல், விட்டால் வேறு குரல். ஆக, டயரும் இல்லை. பின்னச்சின் நடுவில் குண்டாகத் தொங்குகிற பல்சக்கரப் பெட்டி, டிப்ரன்சல், அதற்குள் பல்லும் பல்லும் எண்ணெயில்லாமல் கடித்துக்கொள்கிறது. எனக்கே பெருமையாகிவிட்டது. அந்தப் பெருமையில், வாயை மூடிக்கொண்டு தாராபுரத்துப் பட்டறைக்குக் கொண்டுபோகாமல், "டிப்ரன்சலைத் தொறந்து பாத்தாத் தெரிஞ்சுரும் மாமா" என்று வீட்டு வாசலிலேயே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் மல்லாக்கப் படுத்தேன்.

அடியில் இருக்கும் திருகைக் கழற்றினேன். கறுப்பாக எண்ணெய் வர வேண்டிய ஓட்டையிலிருந்து கொழகொழவென்று வெள்ளையாய் ஊற்றியது. பாதி சட்டியில், பாதி என் மூஞ்சியில்.

மாமன் குத்தவைத்து உட்கார்ந்து சட்டியை எட்டிப் பார்த்தார். விரலை விட்டார். தேய்த்தார்.

"மோரு," என்றார்.

எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. கொதித்த இரும்புக் குடத்தைக் குளிர்ந்த தண்ணீரில் அமுக்கினால், உள்ளேயிருக்கிற காற்று சுருங்கி, மேலே மூச்சு விட வைத்திருக்கிற ஓட்டை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெயும் தண்ணியும் பல்சக்கரத்தில் அடிபட்டால் மோர் மாதிரி வெளுத்துப்போகும். கெடா வெட்டி, வாய்க்காலில் இறக்கி, மாடு கழுவுகிற மாதிரி வண்டி கழுவிய புண்ணியம். பிரமாதமான கண்டுபிடிப்பு. ஆனால் சொல்ல வாயைத் திறந்தபோது ஒரு மடக்கு அந்தக் கழுநீர் உள்ளே போய்விட்டது. "த்தூ! த்தூ!" என்று துப்பினேன்.

"நக்கிப் பாத்தீங்களா மாப்ள? புளிக்குதா?" என்று மாமன் எழுந்துவிட்டார்.

5

அந்த நேரம் பார்த்து, வண்டியை ஒட்டியிருந்த வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

"ஏனுங் மாப்ள, எப்ப வந்தீங்க? சீமைப் பால் குடிச்சு நாக்குச் செத்திருக்குமேன்னு ஒரு போசி எருமப்பால் கொண்டாந்தேனுங்க."

பேச்சு வார்த்தை இல்லையென்றாலும், சம்பந்தி வீட்டு விருந்தாளி வந்தால் பங்காளி எட்டிப் பார்க்காமல் இருக்கக் கூடாது. நாச்சிமுத்து முறை தவறாதவர். கையில் பால் பாத்திரத்தோடு வந்து நிற்கிறார், எதிரே சட்டி நிறைய வெள்ளை.

வண்டிக்கடியில் கிடப்பவனுக்கு முழங்காலுக்குக் கீழேதான் உலகம். மாமனின் கால்கள் வேலியை எட்டியதைப் பார்த்தேன். நாச்சிமுத்துவின் கால்கள் பின்னால் போகவில்லை. மேலே "மோரா ஊத்தற, நாயே!" என்று ஒரு குரல். "என்னடா மோரு?" என்று இன்னொன்று. பேச்சை நிறுத்தியவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டதை நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. பிறகு தென்னை மட்டையை வெட்டுகிற மாதிரி 'சதக்' என்று ஒரு சத்தம். அது எந்தப் பாரத்தில் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. போசி விழுந்தது. பால் மண்ணில் ஓடியது. அதற்குப் பின்னாலேயே ரத்தம் ஓடி வந்து பாலைப் பிடித்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து என் சட்டியை நோக்கி வந்தன.

நான் வீராவேசமாக எழுந்தேன். தலைக்கு மேல் இருந்த இரும்புத் தண்டில் நெற்றி மோதி மறுபடி படுத்தேன். எனக்கு அன்று விழுந்த ஒரே அடி, நானே அடித்துக்கொண்டது.

மாமனின் குதிகால்கள் மேலெழும்பின. இரண்டாவது வெட்டுக்கு ஓங்குகிறார். அப்போது மெட்டி போட்ட இரண்டு கால்கள் வேகமாக வந்தன. நான் கீழே வைத்திருந்த ஜாக்கிக் கம்பி காற்றில் எழுந்தது. சரசக்கா மாமனின் முழங்காலுக்குப் பின்னால் ஒரே போடு போட்டாள். மாமன் அறுத்த வாழை மாதிரிச் சாய்ந்து, வண்டியின் ஓரத்தில், என் மூஞ்சிக்கு நேராக மூஞ்சியை வைத்து விழுந்தார்.

"மாப்ள," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு, "மோருதானே?"

"தண்ணிங்க மாமா. வாய்க்கால் தண்ணி. நீங்க வண்டியக் கழுவுன தண்ணி."

இத்தனை வருஷத்தில் பல முகங்களைப் பார்த்துவிட்டேன். வேலை போன முகம், விசா மறுத்த முகம். அந்த மாதிரி ஒரு முகத்தை நான் திரும்பப் பார்க்கவில்லை.

வேலியோரம் உட்கார்ந்து, பிளந்த இடது கையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, நாச்சிமுத்து சொன்னார்: "மாப்ள, புது வண்டிய வாய்க்கால்ல எறக்குற மயிராண்டி எவனாச்சும் உண்டான்னு அவனக் கேளுங்க."

6

பஸ் போய்விட்டது. நாச்சிமுத்துவிடம் இருந்தது ஒரு மொபட். கை தொங்குகிற ஆளை அதில் வைத்துப் போக முடியாது. மிச்சம் இருப்பது பிக்கப், அதன் டிப்ரன்சல் காலி. ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் பாதி வழியில் பல் பிடித்துக்கொள்ளும்.

சரசக்கா முந்தானையைக் கிழித்துக் கையைக் கட்டிவிட்டு உள்ளே ஓடினாள். காய்ச்சி வைத்திருந்த விளக்கெண்ணெயைக் குடத்தோடு கொண்டுவந்தாள். நான் அடித் திருகைப் பூட்டி மேல் திருகைத் திறந்தேன். ஊற்றுவது எதில்? மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாயை எடுத்து வந்து மாமன் அவசர அவசரமாக ஊற்றினார். பாதி வெளியே போனது.

"சாச்சுப் புடிக்கச் சொல்லுங்க மாப்ள," என்றார் வண்டியின் பின்தட்டில் படுத்திருந்த நாச்சிமுத்து. "மாட்டுக்கு ஊத்திப் பழக்கமிருந்தாத்தானே. கறந்து குடிக்க மட்டும் தெரியும்."

"அவன வாய மூடிட்டுப் படுக்கச் சொல்லுங்க மாப்ள!"

நான் ஓட்டினேன். மாமன் பின்னால் உட்கார்ந்து, நாச்சிமுத்துவின் கையைத் தன் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், ரத்தம் இறங்காமல் இருக்க. வெட்டியவன் தோளிலேயே வெட்டுப்பட்ட கை. டிப்ரன்சல் விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டு முன்னைவிட மோசமாக ஊளையிட்டது. கண்ணாடிச் சன்னல் வழியாக இரண்டு பேரும் என்னிடம் கத்திக்கொண்டே வந்தார்கள்.

"மாப்ள, நான் செத்தா தீட்டு யாருக்குன்னு அவங்கிட்டச் சொல்லுங்க. பங்காளிக்குத்தான். மொட்ட அவந்தான் அடிக்கோணும். வெங்காயம் புடுங்கற சமயத்துல காட்டுக்குள்ள கால் வெக்க முடியாது. நல்லா வேணும்."

"அவன் ஒண்ணும் சாகமாட்டான்னு சொல்லுங்க மாப்ள."

கொஞ்ச தூரம் போனதும் ஒரு குரல் நின்றுபோனது. ஊளை மட்டும் கேட்டது.

"டேய் நாச்சி," என்றார் மாமன். நடுவில் நானில்லை. "டேய். கண்ணத் தொற. நாச்சி, மோட்டார் மொறைய நீயே வெச்சுக்கடா. என்னத் திட்றா. டேய், திட்றா!"

ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தேன். அந்த வண்டி அன்று ஓடியது, அதற்குப் பிறகு ஓடவில்லை. தாராபுரம் ஆஸ்பத்திரி வாசலில் 'மொடுக்' என்று பல் உடைந்து, நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது.

7

நாச்சிமுத்து பிழைத்துக்கொண்டார். தாராபுரத்தில் ரத்தத்தை நிறுத்தி, கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். கையை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள், எடுக்கவில்லை. ஆனால் நரம்பு போய்விட்டது. கை இருக்கிறது, விரல் மடங்காது.

வாக்குமூலம் வாங்கப் போலீஸ்காரர் வார்டுக்கு வந்தபோது மாமன் கட்டில் காலடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"எப்படிங்க ஆச்சு?"

"சோளத்தட்டு வெட்டற மெசின்ல கைய உட்டுட்டனுங்க," என்றார் நாச்சிமுத்து.

மாமன் எழுந்துவிட்டார். "ஏனுங் சார், அப்பிடி எழுதாதீங்க. நான் வெட்டுனனுங்க. அரிவாள்ல."

"அவன் கெடக்கறானுங்க, மெசினுதானுங்க."

"அவன் உட்டுக்குடுத்து நான் வெளிய நிக்கோணுமா? எம் வெட்டுக்கு மெசினு பேரு வாங்கறதா? காயத்த அவுத்துப் பாருங் சார், ஒரே வெட்டு. எந்த மெசினு இப்பிடி வெட்டும்?"

"வெட்டத் தெரியாம வெட்டிப்போட்டு அதுல பெரும வேறயா? எலும்பு தொங்குச்சு, மாப்ள, கேளுங்க!"

போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"காலைத்தான் பார்த்தேனுங்க," என்றேன். உண்மை அதுதான்.

மாமனின் வாக்குமூலமே ஜெயித்தது. கோயமுத்தூர் ஜெயிலில் கிடந்து பிணையில் வந்தார். கேஸ் இன்னும் நடக்கிறது. சாட்சி சொல்ல எனக்கு பெர்த்துக்கு ஒரு சம்மன் வந்தது, வாய்தாத் தேதி முடிந்த பிறகு.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் பண்ணினேன். மாமன் எங்கே என்று கேட்டேன்.

"எங்க போவாரு, நாச்சிமுத்து எருமக் கட்டுத்தறியிலதான். ஒத்தக் கையில அவரு எப்பிடிக் கறப்பாரு? வெடியால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா இவருதான் போய்க் கறந்து குடுக்கறாரு."

"அப்ப ராசியாயிட்டாங்களா அக்கா?"

"ராசியா? நல்லாருக்குதே. நாச்சிமுத்து எதுத்தாப்புல கட்டில்ல உக்காந்துட்டு, எருமயப் பாத்து, 'ஏண்டி, இவனுக்குக் காம்பப் புடிக்கக்கூடத் தெரியலயே'ன்னு சொல்லுவாரு. இவரு அந்த எருமகிட்டயே, 'இன்னொரு கையும் இருக்குதுன்னு ஞாபகப்படுத்து'ம்பாரு. சொல்லிப்போட்டுக் கறந்துட்டுத்தான் இருப்பாரு. போசி நெறையாம எந்திரிக்கறதில்ல."